விழித்திரை விலகினால் எந்த அறுவை சிகிச்சை?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

நான் டாக்டர் இல்லை. ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். என் இடது கண் பட்ட பாட்டைச் சொன்னால் யாருக்காவது உதவும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது. கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள். வலி இல்லாததால் தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை கீழிருந்து ஒரு நிழல் ஏறியது. ஞாயிறன்று நடுப்பார்வையே போய்விட்டது.

நம் மொட்டை மாடி விரிசலில் நீர் இறங்கினால் சுவரில் பெயின்ட் உப்பி உரிகிறதல்லவா? கண்ணிலும் அதே கதைதான். விழித்திரையில் கிழிசல் விழுந்து, அதன் வழியே நீர் பின்னால் புகுந்து திரையை உரிக்கிறது. கிழிசலை அடைத்தால்தான் திரை ஒட்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பக்கிள். கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டை தைத்து, சுவரை உள்ளே அழுத்தித் திரையோடு சேர்ப்பார்கள். இயற்கை லென்ஸ் உள்ள இளவயதினருக்குப் பெரும்பாலும் பொருந்தும். கண்ணாடி பவர் மாறலாம்.

இரண்டாவது, விட்ரெக்டமி. வெள்ளை விழியில் நுண்துளைகள் இட்டு, உள்ளிருக்கும் ஜெல்லை எடுத்து, லேசர் வைத்து, வாயு அல்லது சிலிக்கான் எண்ணெய் நிரப்புவார்கள். எண்ணெயைப் பிறகு இன்னொரு அறுவையில் எடுக்க வேண்டும். இயற்கை லென்ஸ் இருந்தால் கண்புரை சீக்கிரம் வரும். எனக்குப் புரை ஆபரேஷன் முன்பே ஆகியிருந்ததால் இதைத்தான் செய்தார்கள்.

மூன்றாவது, ஊசி வழியே வாயுக் குமிழி செலுத்துவது. கிழிசல் சிறியதாக, மேல்பாதியில் இருந்தால்தான் சரிப்படும். டொராண்டோவில் இந்த முறைக்குப் பொருந்தும் நோயாளிகளை வைத்து நடந்து, 2019-ல் வெளியான ஒப்பீட்டில், முதல் முயற்சியிலேயே திரை ஒட்டியது இதில் சுமார் 81 சதவீதம் பேருக்கு, விட்ரெக்டமியில் 93. ஆனால் பார்வைத் தெளிவு வாயு முறையில்தான் சற்றுக் கூடுதல். ஆகவே 'எது உசத்தி' என்று கேட்காதீர்கள். 'என் கிழிசலுக்கு எது, ஏன்?' என்று கேளுங்கள்.

வாயு வைத்தால் டாக்டர் சொன்னபடி தலையை வைத்திருக்க வேண்டும். அது கரையும்வரை விமானமும் ஏறக்கூடாது, ஊட்டி, கொடைக்கானலும் போகக்கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும்.

என் திரை ஒட்டிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணுக்கு நேரான கதவு நிலை இன்றும் வளைந்தே தெரிகிறது. நடுப்பகுதி உரிவதற்குமுன் போயிருந்தால் அநேகமாகத் தப்பித்திருப்பேன். முறையைத் தேர்ந்தெடுப்பது டாக்டர். நாளைத் தேர்ந்தெடுப்பது நாம்தான்.

கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்கள், புரை ஆபரேஷன் ஆனவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் கவனமாக இருங்கள். கிரைண்டிங், வெல்டிங் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். மின்னல், புதுப் புள்ளிகள், நிழல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். பூந்தமல்லி சாலையில் நூம்பலில் அரவிந்த் இருக்கிறது. எழும்பூரில் 1819-ல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், அதனால் பைக்கை நீங்கள் ஓட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். என் கதவையும் தட்டலாம்.