லாரியும் திண்ணையும்



கன்டெய்னர் லாரிகள் ஓயாத காத்திவாக்கத்தில் கூடியிருக்கிறோம். லாரியிலிருந்தே தொடங்குவோம். கல்வி ஊடகங்களை ஒப்பிட்ட ஆய்வுகளை அலசிய அமெரிக்கர் ரிச்சர்ட் கிளார்க், 1983இல் ஒரு முடிவுக்கு வந்தார்: ஊடகம் மளிகை ஏற்றிவரும் லாரி போன்றது, லாரியை மாற்றினால் உணவின் சத்து கூடிவிடாது. கற்பிக்கும் முறையே முக்கியம் என்றார். ஏற்கிறோம். ஆனால் நமக்கு இன்னொரு கேள்வி உண்டு: அந்த லாரி நம் தெருவுக்குள் வந்ததா?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் மீண்டும் திறந்தன. இடையில் இணைய வகுப்பு என்றார்கள். வீட்டின் ஒரே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. அது திரும்பும்போது பிள்ளை தூங்கியிருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி டேட்டா கேட்கவில்லை. அதனால் கைபேசி நுழையாத வீட்டிலும் நுழைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி நம் பிள்ளைகளிடம் 'நீ எந்தத் தெரு?' என்று கேட்கவில்லை. வகுப்பறையில் அந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து வளர்ந்தவர்கள் நாம். எனவே சாதி கேட்காத இயந்திரம் நமக்குச் சிறிய ஆறுதல் அல்ல. ஆனால் கழித்தலில் கடன் வாங்குவது புரியாமல் பிள்ளை விழித்தபோது, அது நின்று திரும்பச் சொல்லவும் இல்லை.

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மாலையில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பாய் விரித்துப் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் அதே தெருவின் பெண்கள். அவர்களுக்குத் தெருப் பெயரைக் கேட்கத் தேவையில்லை. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதும் தெரிந்தது. தமிழகக் கிராமங்களில் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்கிறது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. மற்றதிலும் பெரும்பங்கு திறந்த பள்ளிக்கூடத்துக்கே சேரும்.

அந்தத் தன்னார்வலருக்குத் தந்தது மாதம் 1,000 ரூபாய். திறன்பலகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணினி நம் பிள்ளைகளுக்கும் உரிமைதான். ஆனால் பலகைக்குப் பணம் ஒதுக்கும்போது, அதன் முன் நிற்கப்போகும் மனிதருக்கும் முழு ஊதியம் ஒதுக்குங்கள். அந்த மனிதர் நம் தெருவிலிருந்தும் வரட்டும். இந்த நினைவு நாளில் நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை இதுவே.