மொத்தக் கடையில் நாம்

பிறந்த மண்ணை விட்டுத் தில்லியில் குடியேறிய நமக்கு வாடகையும் பள்ளிக் கட்டணமும் நம் விருப்பப்படி குறைவதில்லை. சற்றேனும் சுருக்கக்கூடியது மளிகைச் செலவே. ஆதலின் கரோல் பாக்கிலிருந்தும் ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் நம்மவர் பலர் பழைய தில்லியின் காரி பாவோலியை நாடுகிறோம். பதேபூரி மசூதியை அடுத்துள்ள அம்மொத்தக் கடைத்தெருவில் மிளகாய் நெடியே முதலில் நம்மை வரவேற்கிறது. அங்கே எவ்வாறு வாங்கினால் உண்மையில் ஆதாயம் உண்டு என்பதே இன்றைய பேச்சு.

முதல் தடை பெயர். தனியா என்று கேட்டால் தனியாவே கிடைக்கும். துவரம்பருப்போ அங்கு ‘அர்ஹர்’, பெருங்காயம் ‘ஹீங்’. புழுங்கலரிசி கேட்டால் ‘சேலா’ என்னும் நீண்ட அரிசியைக் காட்டக்கூடும். அதுவும் புழுக்கியதே, ஆயினும் நம் இட்லிக்கு ஏற்றதன்று.

அடுத்தது நிறை. பழைய சென்னை மணங்கு 25 பவுண்டு. வடநாட்டு மணங்கு 82 பவுண்டுக்கும் சற்று மேல். 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவை வந்தபின் அக்குழப்பம் சட்டத்தில் தீர்ந்தது. வாய்ச்சொல்லில் ‘மன்’ இன்னும் முற்றும் மறையவில்லை. இப்போது பெரும்பாலும் 40 கிலோவையே குறிக்கும். விலையைக் குவிண்டாலில் சொன்னாலும் மன்னில் சொன்னாலும், கிலோவுக்கு என்ன என்று கணக்கிட்ட பின்பே தலையசைக்க வேண்டும்.

மூன்றாவது மாதிரி. கிண்ணத்தில் காட்டிய பருப்பு ஒன்று, மூட்டையில் இருந்தது வேறொன்று என்று வருந்தியோர் நம்மிடையே உளர். மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, அடியிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பது நம் உரிமை. துவரையில் கோடரிமுனை போல் கோணலான பருப்பு தென்பட்டால் கேசரிப் பருப்பு கலந்திருக்கலாம். அதையே நெடுநாள் மிகுதியாக உண்டால் கால்கள் முடங்கும்.

இவை யாவும் சரியாயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மாதம் மூன்று கிலோ பருப்புச் செலவிடும் குடும்பம் 30 கிலோ மூட்டையை வாங்கினால், அது பத்து மாதம் வீட்டிலிருக்கும். ஆடி, ஆவணி ஈரத்தில் வண்டு வைத்துவிட்டால், மலிவாக வாங்கியது குப்பைக்கே போகும். ஐந்து குடும்பங்கள் கூடி அதே மூட்டையை வாங்கினால் பங்குக்கு ஆறு கிலோ. இரண்டே மாதத்தில் தீரும். வண்டிக்கூலியும் ஐந்தாகப் பிரியும். பற்றுச்சீட்டை மறவாமல் வாங்கி வைத்தால், குறை நேரும்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடச் சான்று இருக்கும்.

மொத்த விலையின் நன்மை கடைக்காரர் தருவதன்று. நாம் ஒன்றுசேர்வதால் வருவது. அயலூரில் பருப்பைப் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் நோய் நொடியிலும் ஒன்றையொன்று அறிந்திருக்கும். அடுத்த மாதப் பட்டியலை எழுதுமுன் அண்டை வீட்டாரையும் ஒரு சொல் கேட்போமாக.