ஆடுபவர் பொறுப்பும் ஆட்டுவிப்பவர் பொறுப்பும்



பணம் வைத்து ஆடுபவருக்குப் பொறுப்பு உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். அந்தப் பொறுப்பு எந்த நேரத்தில் அவர் கையில் இருக்கிறது, எந்த நேரத்தில் நழுவிப்போகிறது, நழுவும்போது அதைத் தாங்கிப் பிடிக்கவேண்டியவர் யார் என்பதுதான் இக்கருத்தரங்கு ஆராயவேண்டிய பொருள். இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டின் அனுபவத்தை வைத்தே தொடங்குகிறேன். இத்தனை சட்டங்களையும் தீர்ப்புகளையும் இந்தப் பொருளில் பார்த்த மாநிலம் இந்தியாவில் வேறொன்று இருப்பது அரிது.

நம் அரசே பரிசுச் சீட்டு விற்றிருக்கிறது. 1968இல் அண்ணா ஆட்சியில் அது தொடங்கியபோது, ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. இடையில் நிறுத்தப்பட்டு, மீண்டும் வந்து, 2003இல் லாட்டரிக்கே தடை விழுந்தது. இருந்தும் மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி இன்றும் நாளிதழ்களில் வருகிறது. 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றினோம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, கிண்டியில் குதிரைகள் தொடர்ந்து ஓடின. தடை, தளர்வு, மறுபடி தடை என்று அரை நூற்றாண்டு கடந்திருக்கிறது. இவ்வளவு காலமும் நாம் ஆட்டத்தைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தோம். ஆடுபவரைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

அந்த வாதங்களின் நடுவில் எப்போதும் நிற்பது திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி. ரம்மிக்குச் சாதகமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1967இல் ஆந்திர அரசுக்கும் சத்யநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. செகந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் சீட்டாடியவர்கள் பற்றிய வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை எடுப்பது எதை இறக்குவது என்று முடிவுசெய்ய வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்த பகுதியை விட்டுவிடுகிறார்கள். மன்றத்தின் உரிமையாளர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் ஈட்டினால் நிலைமை வேறாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதாவது ஆடுபவரின் திறமையைப் பார்த்த அதே நீதிபதிகள், ஆட்டுவிப்பவரின் லாபத்தையும் பார்த்தார்கள். கைப்பேசி ரம்மியில் இந்த இரண்டாவது பார்வைதான் முதலில் வந்திருக்கவேண்டும். மன்றத்தில் ஒரே மேசையைச் சுற்றி முகம் தெரிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். இரவானால் விளக்கு அணையும். ‘போதும்ப்பா, வீட்டுக்குப் போ’ என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். கைப்பேசியில் அப்படிச் சொல்பவர் யாரும் இல்லை; ஆட்டம் தொடர்ந்தால்தான் நடத்துபவருக்கு வருமானம்.

திறமை என்ற சொல்லுக்கு இன்னொரு விளைவும் உண்டு. சட்ட விவாதங்களில் இது போதிய கவனம் பெறவில்லை என்பது என் வருத்தம். லாட்டரியில் தோற்றவர் ‘நமக்கு யோகம் இல்லை’ என்று சீட்டைக் கிழித்துப் போடுவார். திறமையால் வெல்லலாம் என்று விளம்பரம் பார்த்து வந்தவரால் அப்படி விட்டுப்போக முடியாது. தோற்றால் குறை தன்னிடம் இருக்கிறது, அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பார். ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்று நம் மக்கள் சொல்லும் அந்த வெறிக்குத் திறமை என்ற சொல்லே தீனி போடுகிறது. ஸ்லாட் இயந்திரங்களை வைத்து 2009இல் வெளிவந்த மூளைப் படிம ஆய்வு ஒன்று, மயிரிழையில் தவறிய தோல்வி, வெற்றியின்போது இயங்கும் அதே மூளைப் பகுதிகளைத் தூண்டுவதைக் காட்டியது. ஒரு சீட்டு வந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று தவிப்பவரிடம் பொறுப்பாக ஆடுங்கள் என்று சொல்வதில் எவ்வளவு பயன் இருக்கும் என்பதை மருத்துவர்கள் இங்கே விளக்கவேண்டும்.

இனி அண்மை வரலாறு. 2020 நவம்பரில் இணையவழிப் பண ஆட்டங்களுக்கு அவசரச் சட்டம் மூலம் தடை வந்தது. அது 2021இல் சட்டமாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. 2022இல் இப்பொருளை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அக்குழுவில் ஒரு மனநல மருத்துவருக்கும் இடமளித்தது நல்ல முடிவு. அதன் பிறகு வந்த சட்டமுன்வடிவை ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலிருந்து விடுவித்தது. அவற்றை ஒழுங்குபடுத்தலாம் என்றது. 2025 பிப்ரவரியில் ஒழுங்குமுறைகள் வந்தன: 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு இடமில்லை, ஆதார் வழியே அடையாளச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குள் நுழைய முடியாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொரு முறை எச்சரிக்கை, செலவுக்கு நாள், வார, மாத வரம்பு. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதிசெய்தது.

அந்த ஐந்து மணி நேரத் தடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வயதுவந்த மனிதர் எந்த நேரத்தில் எதை ஆடவேண்டும் என்று அரசு சொல்வதா என்று நிறுவனங்கள் கேட்டன. வயதுவந்த மனிதரின் உரிமையை நானும் மதிக்கிறேன். ஆனால் வீடே உறங்கும் நேரத்தில், கடன் வாங்கிய பணத்தைக் கணக்கில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது எவ்வளவு சுதந்திரம்? மாலையில் மனைவி மக்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் எடுத்த முடிவும் அவருடையதுதானே? இரண்டு முடிவுகளில் தெளிந்த மனத்தோடு எடுத்ததைச் சட்டம் காக்கவேண்டும் என்பது என் நிலை. ஒருவர் தனக்குத்தானே முன்கூட்டி வரம்பு போட்டுக்கொள்ளவும், அந்த வரம்பை ஆட்டத்தின் நடுவே உயர்த்த முடியாமல் இருக்கவும் வழி செய்வதே உண்மையான தனிமனிதப் பொறுப்புக்கு உதவும் ஒழுங்குமுறை.

பிரிட்டனில் நீண்ட காலம் இதற்கு நேர்மாறான வழியே நடந்தது. தகவலைக் கொடுத்துவிட்டால் ஆடுபவர் தாமே தீர்மானித்துக்கொள்வார் என்ற கருத்து 2004இல் வெளியான ‘ரீனோ மாதிரி’ என்னும் கட்டுரையால் உலகெங்கும் பரவியது. மகிழ்ச்சி தீர்ந்தால் நிறுத்திவிடு என்று பொருள்படும் வாசகத்தைப் பந்தய நிறுவனங்களே விளம்பரங்களில் போட்டன. அதைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், அது பந்தயம் கட்டுவதைக் குறைத்தது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்றார்கள். பயன் தந்திருக்கக்கூடியவை எவை என்று பார்த்தால், 2019இல் பந்தயக் கடை இயந்திரங்களில் ஒரு சுற்றுக்கான உச்சத் தொகையை 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைத்ததும், 2020இல் கடன் அட்டையால் பந்தயம் கட்டுவதைத் தடுத்ததும் கண்ணில் படுகின்றன. அதே 2020இல் பிரபுக்கள் அவைக் குழுவின் அறிக்கை சொன்ன ஒரு கணக்கை இந்த அவை மறக்கக்கூடாது: ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்களும் சிக்கலின் விளிம்பில் நிற்பவர்களுமான 5 விழுக்காட்டினரிடமிருந்துதான் அத்தொழிலின் லாபத்தில் 60 விழுக்காடு வருகிறது. பொறுப்பாக ஆடுங்கள் என்ற அறிவுரையை அந்த 5 விழுக்காட்டினர் உண்மையாகவே பின்பற்றினால், அறிவுரை சொல்பவரின் லாபம் பாதிக்குமேல் கரைந்துவிடும். அப்படியிருக்க, அந்த அறிவுரையைச் சொல்லும் வேலையை ஆட்டம் நடத்துபவரிடமே விட்டுவைப்பது முறையா?

சூது ஆள்பவரின் கவலையும்தான் என்பதற்கு நம் மரபிலும் ஓர் ஆதாரம் இருக்கிறது. வள்ளுவர் சூது பற்றிய அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. ஆள்பவருக்கும் அரசியலுக்கும் உரிய பொருட்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமை 93, சூது 94, அதை அடுத்த 95ஆம் அதிகாரம் மருந்து. இந்த வைப்புமுறைக்கு உரைகாரர்கள் வேறு காரணம் காட்டலாம். நான் அதை இப்படியும் படிக்கிறேன்: சூது ஒருவரின் ஒழுக்கக் குறையாக மட்டும் முடிந்துவிடுவதில்லை, ஆட்சியின் கவலையாகவும் மருத்துவத்தின் கவலையாகவும் நீள்கிறது. மருத்துவ உலகிலோ, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல்தான் சூதாட்டக் கோளாறைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்து வகைப்படுத்தியது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமை அதிர்ஷ்டம் என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டுப் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடுத்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமோ ஆடுபவருக்கும் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை வைத்திருந்தது. ஒரே பொருளில் இரண்டு சட்டங்கள், ஆடுபவரின் பொறுப்பைப் பற்றி இரண்டு விடைகள். மத்தியச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் சரியாகச் சிந்தித்திருக்கிறது என்று கருதுகிறேன். கடனில் மூழ்கியவரைச் சிறைக்கு அனுப்பினால் குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் வருமானமும் போய்விடும். அதற்கு அஞ்சி அவர் உதவி கேட்கவும் வரமாட்டார். ஆனால் தண்டனை இல்லை என்பதோடு நின்றுவிட்டால் அவரைக் கைவிட்டதாகவே ஆகும். பெரிய நிறுவனங்கள் ஆட்டங்களை நிறுத்தியபின்னும், வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளின் இணைப்புகள் டெலிகிராம் வழியே வந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே நள்ளிரவுத் தடையும் இல்லை, செலவு வரம்பும் இல்லை.

குடும்பத்தின் குரலுக்கு நம் சட்டங்களில் இடமே இல்லை என்பது என் பெரிய மனக்குறை. சிங்கப்பூரில் சூதாட்டச் சிக்கலுக்கான தேசிய மன்றத்திடம் மனைவியோ பெற்றோரோ விண்ணப்பித்தால், விசாரணைக்குப் பின், பழக்கத்தில் சிக்கியவரைச் சூதாட்ட விடுதிக்குள் நுழையாமல் தடுக்க முடியும். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் இந்த வழியைப் பயன்படுத்தலாம். இங்கே தாலிக்கொடியை அடகுக்கடையில் தேடிப்போகும் பெண் யாரிடம் முறையிடுவார்? வயதுவந்தவரின் உரிமையைக் குடும்பம் பறிப்பதா என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் விசாரணையும் மேல்முறையீடும் கால வரம்பும் வேண்டும். ஆனால் பணயம் வைக்கப்படுவது குடும்பத்தின் பணம் என்னும்போது, அவர்களை வெளியாட்களாக நிறுத்திவைக்கும் சட்டம் முழுமையானதல்ல. தன் வீட்டாருக்குக் கணக்குச் சொல்வது, வாங்கிய கடனை ஒளிக்காதிருப்பது, சிகிச்சைக்கு வருவது ஆகியவை ஆடுபவர் ஏற்கவேண்டிய பொறுப்புகள். இவற்றை அவர்மீது சுமத்த நான் தயங்கமாட்டேன்.

கடன் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் வென்ற பணத்தை வழக்குப் போட்டு வாங்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாததே தவிரச் சட்டவிரோதமானதல்ல என்றும், அதையொட்டி எழும் பிற ஒப்பந்தங்கள் செல்லும் என்றும் 1959இல் கெருலால் பரேக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் தோற்றவரிடம் ஜெயித்தவர் வழக்குப் போட முடியாது. கடன் கொடுத்தவர் போடலாம். ஆட்டத்துக்குத்தான் போகிறது என்று தெரிந்தே நள்ளிரவில் லோன் ஆப் கொடுக்கும் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு தொடரவேண்டுமா? சட்ட அறிஞர்கள் இதற்கு விடை சொல்லாமல் இந்தக் கருத்தரங்கு கலையக்கூடாது என்பது என் வேண்டுகோள்.

இன்னொரு வேண்டுகோள் ஆய்வாளர்களுக்கு. எந்த நேரத்தில் பணம் போடப்பட்டது, தோற்றபின் எத்தனை நிமிடத்தில் மறுபடி போடப்பட்டது, யார் வரம்பு போட்டார், யார் அதை உயர்த்தினார் என்ற விவரமெல்லாம் நிறுவனங்களின் கணினிகளில் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு அவற்றைப் பொது ஆய்வுக்குத் தரச் சொல்லி அரசைக் கேட்போம். தடைக்கு முந்தைய பதிவுகள் அழிந்துபோவதற்குள் கேட்கவேண்டும். நாளை மாலைக்குள் இதற்கான தீர்மானத்தின் வரைவு என் கைக்கு வந்தால் நிறைவமர்வில் முன்வைக்கிறேன்.

முதல் அமர்வு சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களுடையது. வழக்கமாக மாநாடுகளில் அவர்களுக்குக் கடைசி அரைமணி நேரமே கிடைக்கும். இங்கே அவர்கள் பேசியபின் நாம் பேசலாம் என்று அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டேன், அவர்களும் இசைந்தார்கள். மேடைக்கு வாருங்கள்.