இங்கிலீஷ் யாருக்கு வந்தது?

(கோவைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இங்கிலீஷ் படிப்பு இந்நாட்டுக்கு வந்த சரித்திரத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். இதைப் பேசுகிறவர்கள் 1835ஆம் வருஷத்து மெக்காலே துரையின் குறிப்பில் ஆரம்பித்து, குமாஸ்தாக்களை உண்டாக்கவே இங்கிலீஷைப் புகுத்தினான் என்று முடித்துவிடுவது வழக்கம். உத்தரவைப் படித்தால் மாத்திரம் போதுமா? பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவன் யார் என்று பார்க்க வேண்டாமா?

அதற்கு நம் ஜில்லாவிலேயே ஆதாரம் இருக்கிறது. 1822இல் கவர்னர் மன்றோ, கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் (ஊட்டியை உண்டாக்கினாரே, அதே சல்லிவன்தான்) அனுப்பிய கணக்கில் 763 பள்ளிக்கூடங்கள், 8206 பிள்ளைகள். சூத்திரர் என்று எழுதப்பட்டவர் 6379, பார்ப்பனர் 918. "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் வருமுன்பே எல்லாரும் படித்தார்கள்" என்கிறார்கள். இக்கணக்குகளைத் திரட்டித் தரம்பால் என்பவர் 1983இல் புஸ்தகமே போட்டார். திரட்டியது நல்ல காரியம்தான். ஆனால் எல்லா வரியையும் படிக்க வேண்டும். வேதம், தர்மசாஸ்திரம், வானசாஸ்திரம் என்ற மேல்படிப்புக்கு 173 இடங்கள் தனியே இருந்தன. அவை பார்ப்பனப் பிள்ளைகளுக்கு. சூத்திரனுக்கு எழுத்தும் கணக்கும் போதும். "மற்ற ஜாதி" என்று கீழே தள்ளி எழுதப்பட்டவர்கள் 226 பேர். பெண்கள் எத்தனை தெரியுமா? 82! ஜில்லாவின் ஜனத்தொகையோ 6,38,199.

நிற்க. மேலே உள்ள சிலருக்கு இங்கிலீஷ் கொடுத்தால் அவர்கள் தங்கள் பாஷைகளின் வழியாக மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள் என்பது மெக்காலேயின் ஏற்பாடு. காளிங்கராயன் வாய்க்காலில் பாசனம் செய்கிறவர்களைக் கேளுங்கள்! தலைமடைக்காரன் தன் வயல் நிரம்பியதும் தானாக மடையை அடைத்துக் கடைமடைக்குத் தண்ணீர் விடுவானா? முறை வைத்தால்தானே கிடைக்கும்? 1856இல் தார்வாரில் ஒரு மஹார் பையன் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேரப் போனான். மற்ற ஜாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று அரசாங்கமே பயந்து கைவிரித்தது. நம் மாகாணத்தில் என்ன விளைந்தது? 1913இல் உத்தியோகக் கமிஷன் முன்பு கார்டியூ துரை சொன்ன சாட்சியப்படி, 128 ஜில்லா முனிசீப்புகளில் 93 பேர் பார்ப்பனர். மற்ற இந்துக்கள் எல்லாரும் சேர்ந்து 25 பேர்!

நம் பக்கத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும், சந்தையில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் எத்தனை! கன்னடம் பேசும் கொள்ளேகாலம் 1956 வரை நம் ஜில்லாதான். இப்படிப்பட்ட நாட்டில் இங்கிலீஷ் எந்த ஜாதிக்கும் வீட்டுப் பாஷை அல்ல. வேதத்தைப்போல் இதைக் காதால் கேட்டால் பாவம் என்று எந்த சாஸ்திரமும் சொல்ல முடியவில்லை. அதுதான் அதனிடம் நான் காணும் பெரிய யோக்கியதை. ஆனால் ஜாதி காவல் காத்த மடையில் இன்று பள்ளிக்கூடச் சம்பளம் காவல் நிற்கிறது. பணம் உள்ளவன் பிள்ளைக்கு நாலு வயதில் இங்கிலீஷ். பஞ்சாலைத் தொழிலாளி கடன் வாங்கிக் கட்டுகிறான், பண்ணையாள் அதுவும் முடியாமல் நிற்கிறான்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பழைய பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் புஸ்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். முதல் பெண் எந்த வருஷம் சேர்ந்தாள், முதல் அருந்ததியர் பிள்ளை எந்த வருஷம் சேர்ந்தது, இங்கிலீஷ் வகுப்புக்கு எட்டுமுன் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் கொண்டுவாருங்கள். அடுத்த கூட்டத்தில் மெக்காலேயை விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் படிப்போம்.