உழைக்காமல் வரும் பணம் யாருடைய பணம்?

(காஞ்சிபுரத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருப்பவர்களும், அக்கடைகளில் வேலை பார்க்கும் தம்பிமார்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கணக்குக் கேட்கிறேன். நூறு ரூபாய் முதல் போட்டால் மாதாமாதம் முப்பது ரூபாய் லாபம் தருகிற கடை இந்த ஊரில் ஒன்றாவது உண்டா? பிள்ளையார்பாளையத்தில் குடும்பமே தறியில் உட்கார்ந்தாலும் ஒரு சேலை இறங்க நாள் கணக்கில் ஆகிறது. இதே ஊர்க்காரர்கள்தான், மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனத்தில் பணம் கட்டினார்கள். 2022 மே மாதம் சோதனை நடந்தது. சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னது பொருளாதாரக் குற்றப்பிரிவு.

மாதம் முப்பது சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்தவன், வங்கியில் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதத்தில் கடன் வாங்கிக்கொண்டு போகலாமே! உன் மனைவியின் நகையை விற்ற பணம் அவனுக்கு எதற்கு? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் முதல் இரண்டு மாதம் பணம் சரியாக வந்தது. அது எங்கிருந்து வந்தது? உனக்குப் பின்னால் சேர்ந்தவன் கட்டியதிலிருந்து வந்தது. அவனைச் சேர்த்துவிட்டதே நீதான்!

'நாங்கள் வட்டி வாங்குவதில்லை, ஹலால் முதலீடுதான்' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனமும் அப்படித்தான் சொன்னது. தங்க வியாபாரத்தில் லாபப் பங்கு என்றார்கள். மார்க்கம் பேசுவோர் சிலரின் நற்சான்றும் கிடைத்தது. 2019 ஜூனில் அதன் தலைவர் துபாய்க்குப் பறந்தார். ஜூலையில் டெல்லியில் கைதானார். மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததைப் போட்ட பல்லாயிரம் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன; அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். முளாரபா என்றால் லாபத்தில் பங்கு; நஷ்டம் வந்தால் முதல் போட்டவனுக்கே அந்த நஷ்டம். நஷ்டமே வராது, மாதம் இவ்வளவு நிச்சயம் என்பவன் எந்தப் பெயர் சூட்டினாலும் அது வியாபாரமல்ல.

1990-களில் தேக்கு மரம் காட்டினார்கள், 2012-இல் ஈமு கோழி. இப்போது எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. விளம்பரம் பார்த்தால் பணம், ஓட்டலுக்கு நட்சத்திரம் போட்டால் பணம் என்று டெலிகிராமில் செய்தி வரும். முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். நம் தம்பி மயங்குவது அங்கேதான். அடுத்து ஆயிரம் கட்டு, பத்தாயிரம் கட்டு, வரி கட்டினால்தான் பணத்தை எடுக்கலாம் என்பார்கள். திரையில் உன் பெயருக்கு லட்சம் காட்டும்; ஒரு ரூபாய் கைக்கு வராது.

கோவையில் 2024 ஜனவரியில், விளம்பரம் பார்க்கச் சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது வழக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் அந்த நிறுவனத்தை ஆதரித்தே நெடுஞ்சாலையோரம் திரண்டார்கள். அவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். போட்ட பணம் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. மச்சானையும் சாச்சாவையும் சேர்த்துவிட்டவனுக்கு வாயே திறக்க வராது.

அந்த வெட்கம்தான் மோசடிக்காரனுக்குக் காவல். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்காமல் சொன்னால், போகும் வழியில் பணத்தை முடக்க வாய்ப்புண்டு. வைப்புத்தொகை மோசடி என்றால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கிட்டுத் தருவார்கள். வருடங்கள் ஆகும்; முழுதும் கிடைக்கும் என்று உங்களுக்கு வாக்குத்தர மாட்டேன். ஆனால் புகார் கொடுக்காதவனுக்கு அந்தப் பங்கு வராது.

கமிஷனுக்கு ஆள் சேர்த்த தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏஜெண்டுகள் மீதும் வழக்குப் பாய்கிறது. உனக்குக் கீழே இருப்பவர்களிடம் காவல்துறை சொல்லும் முன் நீயே போய்ச் சொல். வாங்கிய கமிஷனைத் திருப்பிக் கொடு. தனியாகப் போகக் கூச்சமென்றால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வா. காலையில் இருவருமாகப் போவோம்.