உறுப்பினரின் கிழமை: மாலைக்கா, மனுவுக்கா?

(சம்பூரில் ஆற்றிய உரை)



பாராளுமன்றம் கூடாத கிழமைகளில் உறுப்பினர் ஊர்தோறும் சென்று மக்களைக் காண்பது எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். இதைச் சிறிய பொருள் என்று கருதுவோர் உளர். வாகனம் வரும், மாலை விழும், மனுக்கள் குவியும், தேநீர் வழங்கப்படும், வாகனம் போகும், அவ்வளவுதானே என்பர். சம்பூர் மக்கள் அப்படிச் சொல்ல முடியாது. எழுதிய மனுவின் வலிமையையும், உரிய காலத்தில் எழுதாத மனுவினால் வரும் நட்டத்தையும் இந்த மண் நன்கு அறியும்.

நடந்ததை வரிசையாக நினைவுபடுத்துவோம். 2006 ஏப்ரலில் குண்டுகள் விழுந்தபோது சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம் ஆகிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் ஊர் இராணுவத்தின் வசமாயிற்று. 2007 மே மாதம் இப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2012-இல் 818 ஏக்கர் காணி முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாக 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருந்தன.

பின்னர் காற்றுத் திசை மாறிற்று. 2015 மே மாதம் அந்த 818 ஏக்கர் பற்றிய அறிவித்தலைச் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனா இரத்துச் செய்தார். 2016 மார்ச்சில் கடற்படை முகாமின் கீழ் இருந்த காணியும் விடுபட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிலக்கரி மின்நிலையம் இங்கு அமையாது எனச் சட்டமா அதிபர் திணைக்களம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

இதற்கு ஆட்சி மாற்றம் பெருங் காரணம். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் ஆட்சி மாறிய அன்று, எந்தக் காணி, யாருடையது, எத்தனை ஏக்கர் என்ற கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்க வேண்டுமல்லவா? உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் முகாமுக்குள்ளும் பெட்டியில் பூட்டிக் காத்தவர்கள், உறுப்பினரும் அதிகாரியும் வந்தபோதெல்லாம் அதே மனுவைச் சலியாமல் நீட்டியவர்கள், அவர்களே அந்த விடையை ஆயத்தமாக வைத்திருந்தார்கள்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது எம் நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டம். போரினால் ஓடியவர் வழக்கிட முடியாதிருந்த காலத்தையும் அக்கணக்கில் சேர்ப்பது அநீதி என்பதால், 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையுள்ள காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க அது வழி செய்தது. ஆனால் வழக்கிடத் தந்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். 2018 ஏப்ரலில் அக்கதவு அடைபட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் வடக்குக் கிழக்கில் நிகழ்ந்த சந்திப்புக்களுள் எத்தனையில் இச்சட்டம் எடுத்துச் சொல்லப்பட்டது? ஒவ்வோர் ஊரும் தன்னைத்தானே கேட்டுப் பார்க்கட்டும். உறுப்பினர் கேட்க வருவதோடு சொல்லவும் வரவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் எம் உறுப்பினர் யார்? 1960 முதல் 1977 வரை மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாய் இருந்தது. 1970-இல் இத்தொகுதியிலிருந்து முதன்முறை பாராளுமன்றம் சென்ற அ. தங்கத்துரை அவர்கள் கிளிவெட்டி மண்ணின் மைந்தர். இன்றோ 225 உறுப்பினர் கொண்ட சபைக்குத் திருகோணமலை மாவட்டம் முழுவதும் சேர்ந்தே நால்வரைத் தெரிகிறது. மாவட்டம் எல்லோருக்கும் பொது என்பதால், ஓர் ஊர் எவருக்கும் உரியதாகாமற் போகும் ஆபத்து உண்டு. எனவே நாம் கூறுவது இது: நால்வரும் சம்பூரின் உறுப்பினரே. கட்சி எதுவாயினும், மொழியும் மதமும் எதுவாயினும், நால்வரையும் அழைப்போம். எமக்கு வாக்களித்தீரா என்று கேட்க அவர்களுள் எவருக்கும் உரிமையில்லை. 2017 செப்டெம்பரில் கலைந்த கிழக்கு மாகாண சபைக்கு 2025 முடியும்வரை தேர்தல் நடைபெறவில்லை என்பதால், அச்சபை சுமந்த பாரமும் இவர்கள் தோளிலேயே விழுந்தது.

இது இலேசான கடமையென்று நாம் கூறவில்லை. தங்கத்துரை அவர்கள் 1997 யூலை 5-ஆம் நாள் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி நிகழ்ச்சிக்குச் சென்ற இடத்தில் குண்டுவீச்சுக்குப் பலியானார். பிரித்தானியாவில் சோ கொக்ஸ் அம்மையார் 2016-இலும், டேவிட் அமெஸ் 2021-இலும் தொகுதி மக்களைக் காணும் பணியிலேயே கொல்லப்பட்டனர். உயிரையே விலையாகக் கொடுத்தோர் உள்ள கடமை இது; அதை மாலைக்கும் புகைப்படத்துக்கும் உரிய சடங்காக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

அமெரிக்காவில் அயோவா என்றொரு மாநிலம் உண்டு. சோளம் விளைக்கும் உழவர் நாடு. அங்கே 99 கவுண்டிகள். 1981-இல் செனற் சபைக்குச் சென்ற சாள்ஸ் கிராஸ்லி, ஆண்டுதோறும் அந்த 99-க்கும் சென்று மக்களைக் காண்பதை வழக்கமாக்கிக் கொண்டார். அவர் அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை; அந்த ஒழுங்கை ஏற்கலாம். எம் மாவட்டத்தில் பிரதேச செயலாளர் பிரிவுகள் 11 மட்டுமே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நாள் எனக் கொண்டால், ஓர் உறுப்பினருக்கு ஆண்டில் 44 நாட்கள். இது முடியாத காரியமா?

ஆகவே நால்வரிடமும் மூன்று வேண்டுகோள்களை வைப்போம்.

ஒன்று, வரும் நாளும் இடமும் முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்கப்பட வேண்டும். வயலில் நிற்பவரும் கடலுக்குப் போனவரும் கூலிக்குச் சென்ற தாயும் வரக்கூடிய வேளையாக அது அமைய வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு மனுவும் பதிவேட்டில் இலக்கமிட்டு எழுதப்பட்டு, அதன் பிரதி மனுதாரர் கைக்கு வர வேண்டும். கந்தோரில் முடியும் காரியம் எது, நீதிமன்றம் போக வேண்டியது எது, பாராளுமன்றத்தில் வினாவாக எழுப்ப வேண்டியது எது என அங்கேயே பிரிக்க வேண்டும். பாராளுமன்றப் பொதுமனுக் குழுவின் முன் ஒரு குடிமகனின் மனு செல்ல வேண்டுமாயின் அதை ஓர் உறுப்பினரே சமர்ப்பிக்க வேண்டும் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

மூன்று, அடுத்த முறை வரும்போது, சென்ற முறை பெற்ற மனுக்களுக்கு என்ன நடந்தது என்பதே முதலில் வாசிக்கப்பட வேண்டும். முடியாததை முடியாது என்று சொன்னாலும் அது பதிலே. மௌனம் பதிலாகாது.

எம் பக்கத்திலும் கடமை உண்டு. உறுப்பினரைக் கண்டவுடன் பிள்ளைக்கு உத்தியோகம், மருமகனுக்கு இடமாற்றம் என்று கேட்கும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. வரிசையில் நிற்கும் அயலவனை முந்துவதற்காக எழுதிய மனு, ஊருக்கான மனுவை அடியில் அமிழ்த்திவிடும். படித்தவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஊருக்குத் தாருங்கள். உழவரின் பத்திரங்களை வாசித்து, எல்லையையும் ஏக்கரையும் திகதியையும் பிழையின்றி எழுதிக் கொடுங்கள். உழவர்களே, மூலப் பத்திரத்தை எவரிடமும் கையளியாதீர்கள், பிரதியைக் கொடுங்கள்.

இதற்கு அவசரம் என்ன என்று கேட்கலாம். நிலக்கரி போன இடத்துக்குச் சூரிய ஒளி வந்திருக்கிறது. 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் பங்குகொள்ளத் தொடக்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் முத்துநகர் விவசாயிகள், தாம் விதைத்து வந்த வயல்கள் சூரிய மின் நிறுவனங்களுக்குப் போவதை எதிர்த்துத் திருகோணமலையில் போராட்டத்தில் அமர்ந்தனர். நிலக்கரிப் புகையைவிடச் சூரிய ஒளி நல்லது. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் சூரியன் எல்லோருக்கும் பொது, காணி அவ்வாறன்று. திட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது? மேய்ச்சல் தரைக்கும் குளத்துக்கு நீர் வரும் வழிக்கும் என்ன ஏற்பாடு? இக்கேள்விகளை உறுப்பினர் சபையில் கேட்கட்டும். 2016-ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி நாமும் எழுதிக் கேட்போம். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுள் தீர்மானிக்க அதிகாரி கடமைப்பட்டவர்.

பெரியோர்களே, அடுத்து எந்த உறுப்பினர் இவ்வூருக்கு வந்தாலும் மாலையை ஒருபுறம் வையுங்கள். பதிவேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் மனுவின் இலக்கத்தைக் கேட்டுப் பெற்ற பின்னரே வீடு திரும்புங்கள்.