ஆகாயத்தாமரை உறிஞ்சிய உலோகம் எங்கே போகுது?
(ஆழ்வார்பேட்டை குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம பகுதிக்குத் தெற்கே அடையாறு, கிழக்கே பக்கிங்காம் கால்வாய். ரெண்டிலும் ஆகாயத்தாமரையைப் பார்த்திருப்பீங்க. "அது தண்ணியைச் சுத்தம் பண்ணுமாமே, ஏன் அள்ளுறாங்க?"ன்னு பலரும் கேட்கிறீங்க.

சுத்தம் பண்ணும், உண்மைதான். குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அதன் வேர்கள் உறிஞ்சும். அதிக நச்சுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாகவும் மாற்றும். ஆனா உலோகம் அழியாது. பெரும்பகுதி வேரிலேயே தங்கும். செடியை அள்ளாம விட்டா, அழுகி, உலோகம் மறுபடி தண்ணிக்கும் சேற்றுக்கும் போயிடும்.

ராணிப்பேட்டையைப் பாருங்க. அங்கே 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு, லட்சம் டன்னுக்கு மேல். அதிலிருந்து குரோமியம் நிலத்தடி நீரில் கசிந்தது. அவ்வளவு கடுமையான கழிவுல செடியே பிழைக்காது. அதனால ஆலையிலேயே ரசாயன முறையில் சுத்திகரிக்கணும். மிச்சம் மீதியை எடுக்கத்தான் செடிக்குளம். ஆறு, ஏரியில் விடும் ஆலைக் கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

குளத்துச் செடியை அப்பப்போ அறுவடை செய்யணும். 100 கிலோ செடியில் 90 கிலோவுக்கு மேல் தண்ணிதான். காய்ந்தா சுமை குறையும், உலோகம் குறையாது. எரிச்சாலும் சாம்பல்ல இருக்கும். உலோகம் ஏறின செடியைக் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவு மையத்துக்குத்தான் அனுப்பணும்.

நீங்க செய்ய வேண்டியது:

• ஆலைக் கழிவு கலக்கும் நீர்நிலைச் செடியை மாட்டுக்குப் போடாதீங்க, மாடித்தோட்ட உரமாக்காதீங்க.

• தண்ணி மஞ்சளாகவோ வேறு நிறமாகவோ ஓடினா தொடாதீங்க. இடம், தேதி, நேரம் தெரியும்படி செல்போனில் படம் எடுங்க.

• ஆலைக் கழிவு என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் புகார் பதியுங்க. முதல்வரின் உதவி மையம் 1100-க்கும் சொல்லலாம். கால்வாய் அடைப்புக்கு மாநகராட்சி எண் 1913.

• புகார் எண்ணைக் குறிச்சு வச்சுக்குங்க. பதில் வரலைன்னா அதைச் சொல்லித்தான் மறுபடி கேட்க முடியும்.

சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க.